மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி: கேள்வி பதில்

கொங்குப் பக்கம் ஒரு சிறிய ஊரில் 22 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் கிளினிக் வாசல் காய்ச்சல்காரர்களால் நிறைந்துவிடும். ஃப்ளூ பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி (கரூர்): எல்லாமே 'வைரல் ஃபீவர்' தானே? ஃப்ளூ என்று தனியாக என்ன இருக்கிறது?

சாதாரணச் சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், நீங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வருவீர்கள். ஃப்ளூ அப்படியல்ல. காலையில் நன்றாகக் கிளம்பிப் போனவர் மதியமே திரும்பி வந்து போர்வைக்குள் சுருண்டுவிடுவார். உடம்பு அடித்துப் போட்டது போல வலிக்கும், குளிர் நடுக்கும், வறட்டு இருமல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நுரையீரலுக்கு இறங்கினால்தான் ஆபத்து.

கேள்வி (திருச்சி): அம்மை ஊசி ஒன்றிரண்டு முறை போட்டால் போதும். ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருடா வருடம்?

நல்ல கேள்வி. காரணம் இரண்டு. ஒன்று, கிருமி ஓயாமல் மாறுகிறது. ஃப்ளூ வைரஸின் மேல்பரப்பில் முள் போல நிற்கும் புரதங்களைத்தான் நம் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்கிறது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது செய்யும் பிழைகளால் அந்த முட்களின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும். போன வருட அடையாளம் இந்த வருடம் சரியாகப் பொருந்தாது. இரண்டாவது, ஊசியால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் இறங்கத் தொடங்கும்.

அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துத்தான் மருந்து தயாரிக்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் போல ஆகும் என்பதால், முன்கூட்டியே கணித்தாக வேண்டும். சில ஆண்டுகளில் கணிப்பு நன்றாகப் பொருந்தும், சில ஆண்டுகளில் பொருந்தாது. இன்னொரு செய்தியும் உண்டு. ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகட்டா என்றொரு பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் நான்கு வகைக்கு இருந்த ஊசி மூன்று வகைக்கு மாறி வருகிறது.

கேள்வி (மதுரை): அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். இதய நோயாளிக்கு இந்த ஊசி போடலாமா?

அவருக்குத்தான் முதலில் போட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடியது அதில் தெரிந்தது. ஃப்ளூவால் உடம்பில் உண்டாகும் அழற்சி இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செப்டம்பர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

கேள்வி (திருப்பூர்): காய்ச்சல் இரண்டாவது நாள். மெடிக்கலில் கேட்டு அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிவிட்டேன். போடலாமா?

வேண்டாம் தம்பி. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். யாருக்கு அது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வருகிறது, இரத்தப் பரிசோதனை செய்யாமல் வலி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு போதும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ குழப்பமாகப் பேசினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் தாத்தா காலத்தில் ஊசியா போட்டார்கள்? கஷாயமும் மிளகு ரசமும்தான். உடம்பு தானே எதிர்த்தது.

இதற்கு நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மா எழுதிய மறுப்பு: எங்கள் பாட்டியின் அம்மா அந்தக் காலத்துக் காய்ச்சலில்தான் போனார். பாட்டிக்கு அப்போது மூன்று வயது. தப்பியவர்கள் கதையை மட்டும் வைத்துப் பேசாதீர்கள்.

அம்மா சொல்வது வலிக்கிற உண்மை. 1918 ஜூனில் பம்பாயில் பரவத் தொடங்கிய ஃப்ளூ காய்ச்சல், அந்த ஆண்டின் இறுதிக்குள் நாடு முழுக்கப் பரவியது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடிக்கும் மேல் இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். 20 முதல் 40 வயதுக்காரர்களே அதிகம் இறந்தார்கள். அன்றும் கஷாயம் இருந்தது ஐயா, உடம்பும் எதிர்த்துப் பார்த்தது.

மீண்டும் தஞ்சாவூர்: அது பெருந்தொற்று. வருடாந்தர ஃப்ளூவோடு ஒப்பிடலாமா?

நியாயமான பேச்சு. இரண்டும் ஒன்றல்ல, அந்த அளவுக்கு இப்போது யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வயதானவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகளில் சிலரை ஐ.சி.யு. வரை அனுப்பிவைக்கிறேன். ரசம் குடியுங்கள், தொண்டைக்கு இதம். ஊசிக்குப் பதில் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி (சேலம்): ஊசி போட்டால் ஃப்ளூ வந்துவிடுமாமே?

வராது. ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள். கை வலியும் ஒரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம்.

கேள்வி (வேலூர்): போன வருடம் போட்டும் எனக்கு வந்தது. அப்புறம் எதற்கு?

நன்றாகப் பொருந்திய ஆண்டில், மருத்துவரிடம் போக வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். மீறி வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேரும் நிலை குறைகிறது. வீட்டிலேயே படுத்து எழுந்தீர்கள் என்றால் அதுவும் பலன்தான்.

கேள்வி (கோவை): ஆறு மாதக் கர்ப்பம். போடலாமா?

போடலாம், போட வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. உங்கள் எதிர்ப்புச் சக்திதான் பிறக்கும் பிள்ளைக்குக் காவல்.

கேள்வி (நாமக்கல்): குழந்தைக்கு எட்டு மாதம்.

முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அரசின் இலவச அட்டவணையில் இது இல்லை, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கடலூர்): ஊசியால் காய்ச்சல் வருமா? / (ஓசூர்): ஊசி போட்டால் ஃப்ளூ வருமா?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பிள்ளையின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தேன், பக்கத்து மெடிக்கலில் தந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தேன்.

இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள் அம்மா. வைரஸ் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம். ஆன்டிபயாட்டிக் பற்றித் திருப்பூர் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். இன்றைக்கே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், என்ன கொடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): எனக்கு இப்போது 101 டிகிரி காய்ச்சல். நாளைக்கே ஊசி போட்டுவிடலாமா?

காய்ச்சல் விட்டு உடம்பு தேறட்டும். பிறகு போடுங்கள்.