மழை விடுமுறையில் அறிவியல் பாடம்: 8,000 ரூபாய் சான்றிதழ் தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். மழைக்குப் பள்ளி மூடினால் வாட்ஸ்அப்பில்தான் பாடம். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடைப்பதில்லை. ‘டிஜிட்டல் கற்பித்தல்’ சான்றிதழுக்கு ஒரு மையம் 8,000 ரூபாய் கேட்கிறது. 500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். இந்த மையங்கள் இப்போது மலையேறியும் வந்துவிட்டன. ஸ்லைடு போடுவது, வீடியோ ஒட்டுவது, கூகுள் படிவத்தில் வினாத்தாள், அவ்வளவுதான் சரக்கு. “பதவி உயர்வுக்கு உதவும் மேடம்” என்று ஏஜென்ட் ஆரம்பித்தால் அரசாணை எண்ணைக் கேளுங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அரசின் தீக்ஷா (DIKSHA) இணையதளத்தில் ஆசிரியர் பயிற்சிகள் காசில்லாமலே இருக்கின்றன.

உங்களுக்கு வேண்டிய திறமை வேறு. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்யும், எங்கே குழம்பும் என்பது முன்னாலேயே தெரிய வேண்டும். ஓர் உதாரணம்: ஊட்டி உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். புத்தகத்தில் 100. பள்ளித் தெர்மாமீட்டரை வாங்கிப்போன ஒரு பெண், “93க்கு மேல ஏறவே இல்ல சார்” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். “தெர்மாமீட்டர் கோளாறு” என்று பதில் வந்தது. அந்த ஆசிரியரிடம் மூன்று டிஜிட்டல் சான்றிதழ்கள்! இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேக இழுப்பதும் அதனால்தான் என்று சொல்லியிருந்தால் பாடம் அவள் வீட்டு அடுப்பிலேயே முடிந்திருக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் விடாதே, உடைந்துவிடும் என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சிக்னலுக்கு அலையாதீர்கள். மேகம் கூடும்போதே வேலையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பள்ளி திறந்ததும் நோட்டைப் பாருங்கள், போதும்.

பத்தாம் வகுப்பு செய்முறை மட்டும் இதில் சேராது. 100க்கு 25 மதிப்பெண் அதற்கு. கொடுத்த கரைசல் அமிலமா காரமா என்பதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. வீட்டில் செய்யச் சொல்லவும் கூடாது. சோதனைக் குழாயை முகத்துக்கு நேரே பிடிக்கும் பிள்ளையின் கையை அங்கேயே திருப்பிவிட ஆள் வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்தை, மற்ற பாடம் பின்தங்கினாலும், ஆய்வகத்துக்கே கொடுங்கள். ஆனால் மேலிடத்தில் கேட்பதெல்லாம் பயிற்சி எடுத்தாச்சா, போட்டோ ஏற்றியாச்சா என்பதுதான். ஆய்வகத்தில் எத்தனை சோதனைக் குழாய் மிச்சம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம், அந்த 500 ரூபாய். ரசீதை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள். அடுத்த பேட்ச்சில் சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.