பக்கத்துக் கொல்லையில் 240 அடியில் தண்ணீர், எங்கள் கொல்லையில் 900 அடியிலும் புழுதி. பூமிக்கடியில் தண்ணீர் எப்படித்தான் இருக்கிறது?

கேட்டவர் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் என்று போட்டிருக்கிறார். கூடவே, கிடைக்கிற போர் தண்ணீரும் பிள்ளைகள் பல்லைக் காவியாக்குகிறதே ஏன் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒரே கல்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். நானும் அதே பக்கத்துக்காரன். கல்லூரியில் நிலவியல் படித்தேன். ஆனால் எங்கள் கொல்லையில் போட்ட மூன்று போர் சொல்லிக்கொடுத்த அளவுக்குப் புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் போர் நான் பிளஸ் டூ படிக்கும்போது போட்டது. நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் அது எழுந்து நின்றது. "இங்க ரெண்டு நீரோட்டம் கூடுது" என்றார். போர் போடும் திருச்செங்கோட்டு வண்டி ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. மண் சரியாமல் இருக்க 40 அடி வரை கேசிங் குழாய் இறங்கியது. 70 அடியில் புழுதி நின்று சேறாக வந்தது, அப்பா முகத்தில் சிரிப்பு. 120 அடியைத் தாண்டியதும் மறுபடியும் வெள்ளைப் புழுதி. ஒரு ராடு 20 அடி. "இன்னும் ரெண்டு ராடு விட்டுப் பாக்கலாம்ண்ணா" என்று வண்டிக்காரர் சொல்வதும் அப்பா தலையாட்டுவதுமாகவே விடிந்துவிட்டது. 640 அடி. காலையில் பார்த்தால் முருங்கை மரம், வைக்கோல் போர், கட்டியிருந்த எருமை எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு நின்றன.

அந்தத் தேங்காய்க்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. 70 அடியில் ஈரம் இருந்தது உண்மை. நம் ஊரில் எங்கே குத்தினாலும் அந்த ஆழத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அதுதான் அவர் பிழைப்பு.

சரி, ஏன் அப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமுமே பெரும்பகுதி கெட்டிப் பாறை. சார்னோகைட், பட்டை பட்டையாகக் கோடு ஓடும் நைஸ், கிரானைட். காவிரி டெல்டாவில் தரைக்கடியில் கனமாக மணல் படிந்திருக்கிறது, மணலுக்கும் மணலுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். நம் கல்லில் அப்படி இடைவெளி கிடையாது. தண்ணீர் தங்க இரண்டே இடம். ஒன்று, மேலே மக்கிப்போன சக்கைப் பாறை. கிணறு வெட்டும்போது கடப்பாரைக்கு உதிர்ந்து வருமே, அது. சில இடத்தில் 20 அடி, சில இடத்தில் 80 அடி கனம். இன்னொன்று, அதற்குக் கீழே கெட்டிக் கல்லில் ஓடும் வெடிப்புகள். பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று நினைப்பதைவிட, விரிசல் விட்ட சிமெண்ட் தரைமேல் ஒரு பழைய ஈரச் சாக்கை விரித்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். சாக்குதான் சேமிப்பு. விரிசல் வெறும் வழி.

அந்தச் சாக்கும் பெரிய சாக்கு இல்லை. நிலத்தடி நீர்க் கணக்குப் போடுகிறவர்கள் மக்கிய கிரானைட், நைஸ் பகுதிக்கு மழையில் 8 முதல் 11 சதவீதமும் சார்னோகைட்டுக்கு 5 சதவீதமும் உள்ளே இறங்குவதாக வைத்துக்கொள்கிறார்கள். 800 மில்லிமீட்டர் மழைக்கு நல்ல இடத்தில் 80 மில்லிமீட்டர், சார்னோகைட்டில் 40. மீதி ஆவியாகும், பயிர் குடிக்கும், ஓடையில் போகும். சக்கைப் பாறை மோட்டாருக்கு விட்டுக்கொடுக்கும் தண்ணீரோ அதன் கன அளவில் 1.5 முதல் 3 சதவீதம்தான். 2 என்று வைத்தால், 80 மில்லிமீட்டர் இறங்கினால் நீர்மட்டம் 4 மீட்டர் ஏறும். ஒரு நல்ல மழைக்குக் கிணறு மளமளவென்று ஏறுவதைப் பார்த்து நாம் குதிப்போம். அதே கணக்கில்தான் மாசி, பங்குனியில் மளமளவென்று இறங்கவும் செய்கிறது. ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் மட்டம் இறங்கினால் நாம் எடுத்தது 80 ஆயிரம் லிட்டர், அவ்வளவே.

ஓட்டமும் மெதுவானது. 1856-ல் பிரான்சின் டிஜோன் நகரத்தில் குடிநீர் வேலை பார்த்த ஹென்றி டார்சி என்ற பொறியாளர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்தார். மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், தூரம் கூடினால் குறையும், மணல் எவ்வளவு வழி விடுகிறதோ அந்த அளவுக்குப் போகும். இன்றைக்கும் அடிப்படை அதுதான். நம் சக்கைப் பாறைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு சாண் வரும். ஏரிக்கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றுக்கு ஏரித் தண்ணீரே வந்து சேர நாலு வருஷம் ஆகும். ஏரி நிறைந்த வாரமே கிணற்று மட்டம் ஏறுகிறதே என்றால், அது தள்ளுமுள்ளு. பஸ்ஸில் பின்னால் ஏறியவர் தள்ள, முன்னால் நிற்பவர் நகர்வது மாதிரி.

இப்போது உங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் விஷயம். அவருடைய போர் ஒரு வெடிப்பைக் குறுக்கே வெட்டியிருக்கிறது, உங்களுடையது வெட்டவில்லை. பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம். கொல்லைகளின் நடுவே உருண்டை உருண்டையான கறுப்புக் கற்கள் ஒரே வரிசையில் கிலோமீட்டர் கணக்கில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது டோலரைட் டைக். பழைய வெடிப்பில் அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு ஏறி உறைந்த கல் சுவர். கறுப்பு கிரானைட் என்று பாலிஷ் போட்டு ஏற்றுமதியாவது பெரும்பாலும் இதுதான். கல் கெட்டியாக இருந்தால் தரைக்கடியில் தடுப்பணை மாதிரி நிற்கும். மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் காயும். எங்கள் பெரியப்பா கொல்லையும் எங்கள் கொல்லையும் அந்த வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர் கிணற்றில் சித்திரையிலும் தவளை கத்தும்.

ஆழம் போகப் போகத் தண்ணீர் கிடைக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். கீழே போகப் போக மேல் கல்லின் பாரம் வெடிப்புகளை இறுக்கிவிடும். 300, 400 அடிக்குள் வராத தண்ணீர் 900-ல் வரவே வராது என்று சொல்ல மாட்டேன், வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது லாட்டரி. எங்கள் இரண்டாவது போர் 800 அடி, காலி. நகைக்கடன் போனது.

மூன்றாவதற்கு முன்னால் நிலம் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தோம். நாலு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, வெளி இரண்டில் கரண்ட் விட்டு, உள் இரண்டில் வோல்டேஜ் பார்ப்பது. கம்பிகளை அகட்ட அகட்ட ஆழத்தின் கணக்கு வரும். காய்ந்த கெட்டிக் கல் கரண்டை விடாது, ஈரமான சக்கை விடும். சக்கை எங்கே கனமாக இருக்கிறது என்பதை இது நன்றாகக் காட்டும். ஆழத்தில் இருக்கும் விரல் கனத்து வெடிப்பைக் காட்டாது, அப்படிக் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். 260 அடியில் ஒன்றரை இன்ச் தண்ணீர் வந்தது. அம்மா குடித்துப் பார்த்துவிட்டு "இளநி மாதிரி இருக்கு" என்றார். சோப்பும் நன்றாக நுரைத்தது.

அங்கேதான் ஏமாந்தோம். அடுத்த வருஷம் கல்லூரியில், பல்லைக் காவியாக்கும் புளோரைடு என்ற உப்பைச் சோதிக்கும் பெட்டியைக் கையில் கொடுத்தபோது வீட்டுத் தண்ணீரை எடுத்துப்போனேன். நாலு மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டினால் இளஞ்சிவப்பாக நின்றால் நல்லது, மஞ்சளை நோக்கிப் போகப் போக புளோரைடு அதிகம். என் குழாய் மட்டும் எலுமிச்சைச் சாறு மாதிரி நின்றது. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. எங்களுடையது 3-ஐத் தொட்டது.

புளோரைடு கம்பெனிக் கழிவிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. பயோடைட் என்கிற கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் அது இருக்கிறது. வெடிப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கும் தண்ணீர் மெல்லக் கரைத்துக்கொள்ளும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் புளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடா உப்பு கூடிய மென்னீரில் பிடித்துவைக்க ஆளில்லை. ஆக, பாத்திரத்தில் வெள்ளை படியாத, சோப்பு நுரைக்கிற, இளநீர் மாதிரி இருக்கிற போர் தண்ணீரைத்தான் நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் உள்ள மொத்த உப்பைத்தான் காட்டும், புளோரைடைத் தனியாகக் காட்டாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி புளோரைடு இன்னும் கெட்டியாகும்.

பல்லில் கறை படிவது பல் தாடைக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை. எனக்கு அந்த வயது தாண்டியிருந்தது. அக்கா பெண்ணுக்குத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர்தான். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டம் காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவந்ததே முக்கியமாக இந்தப் பிரச்சினைக்காகத்தான். குழாயில் வராத நாளில் ஆர்ஓ மெஷினில் வடிகட்டிய தண்ணீர். போர் தண்ணீர் தக்காளிக்கும் எருமைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிய பிளாஸ்டிக் கேனில் பிடித்து, மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு சேரும். கட்டணம் கொஞ்சம்தான்.

அடுத்த போருக்கு வண்டி கூப்பிடும் முன் பழைய கிணறு இருந்தால் அதைத் தூர் வாரிப் பாருங்கள். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் கல்லைக் கட்டி மட்டத்தை அளங்கள், விடிந்ததும் மறுபடி அளங்கள். எங்கள் கிணறு 20 அடி விட்டம். ராத்திரியில் 4 அடி ஏறுகிறது, அதாவது 35 ஆயிரம் லிட்டர். சொட்டு நீரில் ஒரு ஏக்கர் தக்காளிக்குத் தாராளம். அப்பா அந்தக் கணக்கைக் கரியால் மோட்டார் ரூம் சுவரில் எழுதி வைக்கிறார். 640 அடி போரின் வாயை ஒரு கல் வைத்து மூடியிருக்கிறோம்.