அம்மா இந்த முறை பை காக்கவில்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாணமான புதிதில் போன தீம் பார்க்குக்கே, இப்போது பிள்ளைகளையும் 65 வயது மாமியாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகலாம் என்று வீட்டில் பேச்சு. "பழைய பார்க்தானே, பெயின்ட் அடித்து வைத்திருப்பான், அதுக்கு இத்தனை காசா?" என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் சமீபத்தில் அப்படி ஒரு இடத்துக்குப் போய்வந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், போகலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போகலாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, பெயின்ட் நிறையவே அடித்திருக்கிறார்கள்.

நான் முதலில் போனது 1998 மே மாத லீவில். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஐந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, விடியற்காலையிலேயே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பார்க்கின் பெயர் வேண்டாம், பாதி விளம்பரமாகவும் பாதி புகாராகவும் போய்விடும். அன்றைக்கு ஏறிய ராட்டினங்கள் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான்: வாசல் பக்கத்து வேப்பமரத்தடியில் அம்மாவும் ஆயாவும் (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), அத்தனை குடும்பத்துப் பையையும் செருப்பையும் சுற்றி வைத்துக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தது. நாங்கள் சொட்டச் சொட்ட ஓடி வருவோம், துண்டை வாங்கித் தலையைத் துவட்டுவோம், ஒரு வாய் சாதம், திரும்ப ஓட்டம். அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தது. ஒன்றில்கூட ஏறவில்லை. கேட்டதற்கு "யாராவது பையப் பாத்துக்கணுமே" என்றார், அவ்வளவுதான்.

இப்போது அம்மாவுக்கு 70. இந்த முறை என் பிள்ளைகளோடு போனபோது வாசலைத் தாண்டியதும் வரிசையாக லாக்கர். பை, செருப்பு, போன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டி, சாவியைக் கையில் வளையம் மாதிரி மாட்டிக்கொண்டு திரும்பினால், அம்மா அங்கேயே நின்றுகொண்டு கேட்டார்: "அப்ப நான் எங்கடா குந்தறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பேத்திதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

என்னைக் கேட்டால் அந்தப் பார்க்கில் நடந்த பெரிய முன்னேற்றம் அந்த லாக்கர்தான், புதிய ரைடு எல்லாம் அதற்கு அப்புறம்தான். அடுத்தது, சிரிக்காதீர்கள், பெண்கள் உடை மாற்றும் அறையில் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி. என் மனைவி வெளியே வந்து முதலில் சொன்னதே அதைத்தான். முன்பெல்லாம் ஈரத் தரையில் காய்ந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருத்தி உள்ளே மாற்ற, இன்னொருத்தி வெளியே துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது கொக்கி, காய்ந்த தரை, குப்பைக்கூடை, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை. படிக்கட்டு இருக்கும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே சரிவுப்பாதை. வரிசையில் நிற்கும் இடத்துக்கு மேலே நிழல்வலை. 1998-ல் மே மாத சிமென்ட் தரையில் நாங்கள் வெறுங்காலோடு குதித்துக் குதித்துப் போனது ஒரு தனி ரைடு, அதை இப்போது தூக்கிவிட்டார்கள், நடைபாதை நெடுக ரப்பர் விரிப்பு, அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா கடைசியில் ஏறியது, மெதுவாக ஓடும் கால்வாயில் டியூப் போட்டு மிதப்பது. இரண்டு சுற்று வந்தார். "நம்ம பக்கிங்காம் கால்வாய் மாதிரியே இருக்குடா, நாத்தம் மட்டும் இல்ல."

குறையும் சொல்லிவிடுகிறேன். வெளிச் சாப்பாடு உள்ளே விடுவதில்லை, புளிசாத காலம் முடிந்தது, உள்ளே ஒரு தட்டு நூடுல்ஸ் விலையில் எங்கள் தெருமுனையில் நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம். இரண்டு ரைடு கயிறு கட்டி மூடியிருந்தது, பராமரிப்பாம், அதை டிக்கெட் கவுன்டரில் ஒருவரும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் சத்தம் அன்றைக்கும் அதிகம், இன்றைக்கும் அதிகம். டிக்கெட் விலையில் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2017-ல் இதற்கு 28 சதவீதம் போட்டு, 2018 ஜனவரியில் 18-ஆகக் குறைத்தார்கள்.

மாமியாருக்கு பி.பி. இருந்தால் மாத்திரையை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வார நாளில் போங்கள்.

கேள்வி: தண்ணீரில் இறங்க நைலான் டிரெஸ்தான் போட வேண்டும், காட்டன் கூடாது என்று சொல்லி வாடகைக்கு உடை தள்ளிவிடுகிறார்கள். இது வியாபாரத் தந்திரம்தானே?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வாடகை வியாபாரம்தான், விதி வியாபாரம் இல்லை. காட்டன் துணி தண்ணீரில் நூல் நூலாகப் பஞ்சு விடும், அது வடிகட்டியில் போய் அடைக்கும். சாயமும் போகும். அதைவிட முக்கியம், காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஈரப் புடவையோ துப்பட்டாவோ சறுக்கில் காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நைலான், பாலியஸ்டர், லைக்ரா வகை தண்ணீரைப் பிடித்து வைக்காது. வாடகைக்கு எடுக்கப் பிடிக்காவிட்டால் நம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைப் பக்கம் ஒரு நடை நடந்து முழுக்கை டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் வாங்கிக்கொண்டு போங்கள், எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். எதை ஒத்துக்கொள்வார்கள் என்று முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். குளத்தில் கண் எரிந்து, மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் "குளோரினை அள்ளிக் கொட்டிட்டான்" என்போம். அந்த வாடை பெரும்பாலும் வெறும் குளோரினுடையது இல்லை. நம் வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன் அது. இறங்கும் முன் குளிக்கச் சொல்லி போர்டு வைத்திருப்பது அதற்குத்தான். அந்த ஷவரைத் தாண்டிக் குதித்து ஓடுகிறவர்களில் என் பையனும் ஒருவன்.

கேள்வி: பழைய ரைடுகளில் பிள்ளைகளை ஏற்றப் பயமாக இருக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா என்று நம்மைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: இயந்திரத்துக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியாது, அதை ஓட்டுகிறவரைப் பார்க்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் தடுப்புக் கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை தூரத்திலிருந்து கையைக் காட்டிவிட்டு பட்டனை அழுத்துகிறாரா? வரிசையில் நிற்கும்போது இரண்டு சுற்று கவனித்தாலே தெரிந்துவிடும். நான் போன பார்க்கில் பழைய கொலம்பஸ் கப்பல் இன்னும் ஆடுகிறது. அன்றைக்கு முன்னால் ஒரு கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு அலறியதோடு சரி. இப்போது மடிமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பி இருக்கிறது, கடைசி ஆள் பூட்டும்வரை கப்பல் அசையவில்லை.

உயர அளவுக் குச்சியிடம் மட்டும் சண்டை போடாதீர்கள். "ஒரு இஞ்ச்தானே சார், விடுங்க" என்று ஒரு அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டு ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செய்தது, சின்னப் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும்.

ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது வரும் "டக் டக் டக்" சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாமல் இருக்க, ஒரு இரும்பு நாக்கு பல்லுப் பல்லாக மாட்டிக்கொண்டே போகிற சத்தம் அது. சக்கரமும் தண்டவாளத்துக்கு மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்வியிருக்கும், அதனால்தான் பெட்டி தடம் விட்டுத் தூக்கிக்கொள்வதில்லை. மழை, பலத்த காற்று என்றால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: ராயபுரத்திலிருந்து ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்துப் பார்க்குகளுக்கு வண்டி இல்லாமல் போக வழி?
– வாசகர், ராயபுரம்

பதில்: பீச் ஸ்டேஷன் போய்ப் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ. 1998-ல் இது கிடையாது, திருவான்மியூர் வரை ரயில் வந்தது 2004-ல்தான். திரும்பி வரும்போது பிள்ளைகள் தோளில் தூங்கும், ஒரு கை காலியாக இருக்கிற மாதிரி பையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பார்க் எதற்கு சார், புதிதாகத் திறந்த வொண்டர்லாவுக்கே போய்விடலாமே?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: தாராளமாக. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில், 2025 டிசம்பரில் திறந்தார்கள். அங்கே தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர், பெட்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், உங்கள் கால் அந்தரத்தில் ஆடும். உங்கள் வயதுக்கு அதுதான் சரி. பெரம்பூரிலிருந்து ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

கேள்வி: சின்ன வயதில் வி.ஜி.பி. பார்க்கில், சிலை மாதிரி அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்றதுண்டா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உண்டு. அரை மணி நேரம் குரங்கு சேட்டை எல்லாம் செய்து காட்டினேன். அவர் அசையவில்லை, பின்னால் நின்ற ஆயாதான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் பாட்டிலைத் தேட வேண்டியதாயிற்று.