வி.ஆர். பெட்டி வாங்கும் முன் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: களக்காடு பக்கம் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 15,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். அதில் வி.ஆர். (கண்ணில் மாட்டினால் அந்த இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும்) கருவி வாங்கலாமா? 7, 8ஆம் வகுப்புக்கு இலவச வி.ஆர். காட்சிகள் எங்கே கிடைக்கும்? தமிழில் இருக்கிறதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், டீச்சர். தமிழ் விளக்கத்தோடு, பாடத்துக்குப் பொருந்துகிற மாதிரி கிடைப்பவை மிகக் குறைவு. அது பெரிய தடையில்லை. ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த குரல் சொன்னால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். இல்லையென்றால் தலையைச் சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள்.

தேட ஆரம்பித்தால் பழைய பட்டியல்கள் நிறைய வரும். அவற்றில் முதலில் நிற்பது கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ். அந்தச் செயலி 2021 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது. அதிலிருந்த சுற்றுலாக்களில் பெரும்பாலானவை கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்ற இலவசத் தளத்துக்குப் போயின. அங்கே தேடுங்கள். யூடியூபில் தேடும்போது ஃபில்டரில் 360° (எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கும் வீடியோ) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாடத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். நாசாவின் 360 வீடியோக்கள் நம்பகமானவை. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி நிற்கும் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

உங்கள் விண்வெளிப் பாடத்துக்கு நான் முதலில் சொல்வது சர்வதேச விண்வெளி நிலையம். இடங்களைப் படங்களாகச் சுற்றிப் பார்க்க வைக்கும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அதன் உள்பகுதி 2017இல் வந்தது. அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு வீரர் தாமஸ் பெஸ்கே எடுத்த படங்கள் அவை. வீடியோ இல்லை, நிழற்படங்கள். அதனால் நெட் விட்டு விட்டு வரும் பள்ளியிலும் சமாளித்துவிடலாம். குபோலா என்ற 7 ஜன்னல் கூண்டுக்குள் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, இது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து சென்னை அதைவிடத் தூரம். நெல்லை எக்ஸ்பிரஸ் மதுரை போய்ச் சேருவதற்குள் அந்த நிலையம் பூமியையே ஒரு சுற்று சுற்றி முடித்துவிடும். மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை நடப்பதைக் கேள்விப்பட்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். கேள்விகள் தானாக வரும்.

இன்னொன்று, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இலவசமாக வைத்திருக்கும் முப்பரிமாண மாதிரிகள். அப்பல்லோ 11 கலத்தின் உட்புறத்தை அப்படியே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். சுவரில் வீரர்கள் கையால் வரைந்த சின்ன காலண்டர், கடந்த நாள்களை அடித்த கோடுகள், ஒரு பெட்டியின் மேல் ‘நாற்றமடிக்கும் கழிவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை எல்லாம் தெரியும். நிலாவுக்குப் போனவர்களும் குப்பையைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அது நன்றாகச் சொல்லும்.

எல்லாப் பாடத்துக்கும் வி.ஆர். வேண்டாம். மின்சுற்று, உராய்வு போன்றவற்றுக்கு, கணினியிலேயே சோதனை செய்து பார்க்கும் பெட் (PhET) சிமுலேஷன்களே மேல். தமிழிலும் பல இருக்கின்றன, நெட் இல்லாமலும் ஓடும், பிள்ளைகள் கையாலேயே மாற்றிப் பார்க்கலாம். அதேபோல், பஸ் போகிற இடத்தை வி.ஆரில் காட்டாதீர்கள். கூந்தன்குளத்துப் பறவைகளையும் ஆதிச்சநல்லூரையும் நேரிலேயே பார்க்கட்டும். விண்வெளி, ஆழ்கடல், இதயத்தின் உள்ளே, அழிந்துபோன விலங்கு என்று போகவே முடியாத இடங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். மெட்டா குவெஸ்ட் போல, போன் இல்லாமல் தனியாக இயங்கும் ஹெட்செட் உங்கள் தொகைக்குள் அடங்காது. அடங்கினாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மெட்டா குவெஸ்டில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் மேற்பார்க்கும் கணக்கு வேண்டும். ஒரு வகுப்பு முழுக்க அதைச் செய்வது நடக்கிற காரியமில்லை. போனைச் செருகும் லென்ஸ் பெட்டி சில நூறு ரூபாய்தான். இரண்டு மூன்று வாங்குங்கள். கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தில் ஒரு போன். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்: விலை குறைந்த போன்கள் பலவற்றில், போன் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் இருக்காது. கடையிலேயே யூடியூப் செயலியில் ஒரு 360 வீடியோவைப் போட்டு, போனைப் பிடித்தபடி நீங்கள் திரும்புங்கள். காட்சியும் சேர்ந்து திரும்பினால் வாங்கலாம். விரலால் இழுத்தால்தான் நகர்கிறது என்றால் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த செயலி, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகத் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது. வீடியோ மங்கலாகத் தெரிந்தால் தரத்தை 4கே-க்கு மாற்றுங்கள். உருண்டை முழுவதையும் விரித்துக் காட்டுவதால் சாதாரணத் தரம் போதாது.

வகுப்பில் ஐந்து ஐந்து பேராகப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு அதே காட்சியை ஸ்மார்ட் போர்டில் மவுஸால் திருப்பிக் காட்டுங்கள். பார்க்கிற பிள்ளை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும் வீடியோ தலைசுற்றலைக் கிளப்பும்; மதிய உணவுக்குப் பிறகான பீரியடில் வாந்தியே வந்துவிடும். கேமரா ஒரே இடத்தில் நிற்பதாகத் தேர்ந்தெடுங்கள். வலிப்பு வந்த பிள்ளை இருந்தால் பெட்டியை மாட்டாமல் போர்டிலேயே பார்க்கட்டும். அப்புறம், ஒருவர் கழற்றியதும் முகம் படும் இடத்தையும் லென்ஸையும் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்; நம் ஊர் வெயிலில் வேர்வை சும்மா விடாது.