கூரையைத் திறந்துகொண்டு ஆல்ப்ஸ் வரை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் எங்கள் கார்ப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். தவறவிட்டவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வண்டி 2001-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. கூரையை மடக்கி வைத்துக்கொள்ளும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நானும் மனைவியும் இங்கிலாந்தில் புறப்பட்டு, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மலைகளைச் சுற்றி, மத்தியதரைக் கடலைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். 12 நாள், 3,600 கி.மீ. வந்த கடிதங்களில் பாதி ‘எப்படிப் போனீர்கள்?’ என்று கேட்கின்றன. மீதி ‘இந்த வயதில் ஏன் போனீர்கள்?’ என்று. முதல் வகைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கே: படத்தில் உங்கள் கார் டிக்கியைப் பார்த்தேன். செருப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் துணிமணியை எப்படி அடைத்தீர்கள்?

ப: அதன் கொள்ளளவு சுமார் 144 லிட்டர். விமானத்தில் கையில் கொண்டுபோகும் பெட்டி ஒன்று 44 லிட்டர் என்று வைத்தால் மூன்று பெட்டி போகும் என்று கணக்கு சொல்லும். கணக்கை நம்பாதீர்கள். ஸ்டெப்னியும் பேட்டரியும் டிக்கிக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. தரை சமமாக இல்லை. சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை உள்ளே இறக்கினால், அப்புறம் மூலையில் கைக்குட்டை வைக்கத்தான் இடம்.

அதனால் பெட்டியே வேண்டாம். ஆளுக்கு இரண்டு துணிப்பை, ஒவ்வொன்றும் தலையணை அளவு. துணிப்பை என்றால் பள்ளத்தில் அமுங்கும், மேட்டில் ஏறிக்கொள்ளும். செருப்பைப் பையில் வைக்காமல் ஸ்டெப்னியைச் சுற்றியிருக்கும் சந்துகளில் சொருகினோம். மூன்று நாளைக்கு ஒருமுறை தங்கும் அறையில் துவைத்தோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை அடைத்துப் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்தபோது டிக்கி மூடவில்லை. என் இரண்டாவது ஸ்வெட்டரும், மூன்று புத்தகமும், மனைவியின் ஹேர் ட்ரையரும் வீட்டிலேயே தங்கின. புத்தகத்துக்காக வருந்தினேன். ஹேர் ட்ரையருக்காக அவர் வருந்தவில்லை. கூரை திறந்த காரில் தலைமுடி போகிற கதியில் அது எதற்கு என்று அவரே சொன்னார்.

ஒன்றை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள். பளிச்சென்ற மஞ்சள் பாதுகாப்பு மேலாடையைக் காருக்குள் கை எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். வண்டி நின்றுபோனால் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். எங்களுடையது சீட்டுக்கு அடியில் இருந்தது. எச்சரிக்கை முக்கோணமும் கட்டாயம். அது டிக்கியில் இருக்கலாம்.

கே: பஞ்சர் ஆனால்?

ப: ஸ்டெப்னி சிறிய சக்கரம். அதை மாட்டிவிடலாம். கழற்றிய பெரிய சக்கரத்தைச் சாமான் நிறைந்த டிக்கியில் வைக்க முடியாது. ஒரே இடம் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடி. பஞ்சர் ஆகவில்லை, ஆனால் இதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பிற்பாடு வந்த மாடல்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பசையும் காற்றடிக்கும் பம்பும்தான் தருகிறார்கள்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. போகலாம்? 600 கி.மீ. என்று திட்டம் போட்டிருக்கிறேன்.

ப: திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். வழக்கமான காரில் 600 சரி. இதில் உங்கள் காது பக்கத்திலேயே லாரியின் சக்கரம் சுழலும். பிரான்சில் நெடுஞ்சாலை வேகம் 130, மழையில் 110. அந்த வேகத்தில் கூரை திறந்திருந்தால் பேச முடியாது, பாட்டுக் கேட்க முடியாது, இரண்டு மணி நேரத்தில் தலை கனக்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற காது அடைப்பான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கிண்டல் செய்த மனைவி அன்று மாலையே தனக்கும் ஒரு ஜோடி கேட்டார்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கு அடியில் போகும் சுரங்க ரயிலில் காரோடு ஏறி 35 நிமிடத்தில் பிரான்சின் கலே பக்கம் இறங்கினோம். அங்கிருந்து ரான்ஸ் நகரம் 275 கி.மீ. கூரையை மூடிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரே மூச்சு. அது பயணம் இல்லை, இடம் மாறுவது. அதற்குக் கூரை திறக்க வேண்டாம். மலையில் நிலைமை வேறு. 200 கி.மீ. போனால் ஆறு மணி நேரம் ஆகிவிடும், அதுவே ஒரு நாளைக்குப் போதும். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ‘பேரால்ப்ஸ் சாலை’ என்று பொருள்படும் ரூட் தெ கிராந்த் ஆல்ப் போகிறது. மொத்தம் சுமார் 720 கி.மீ. இத்தாலியிலிருந்து வந்து அதன் நடுவில் சேர்ந்துகொண்டோம். மிச்சத்தை முடிக்கவே நான்கு நாள். அதில் வரும் இஸ்ரான் கணவாய் 2,764 மீட்டர். 1937-இல் திறந்தார்கள். ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்களில் அதுதான் உயரம்.

கே: மழை வந்தால்?

ப: தூறல் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது கண்ணாடியில் பட்ட காற்று துளிகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். நனைவது சிக்னலில் நிற்கும்போதுதான். அங்கே பக்கத்துக் கார்க்காரர் பார்க்கிற பார்வையையும் தாங்க வேண்டும். பெருமழை என்றால் ஓரமாக நிறுத்துங்கள். எங்கள் கூரைக்கு மோட்டார் கிடையாது. சீட்டில் உட்கார்ந்தபடியே பின்னால் கையை விட்டு இழுத்து, முன் கண்ணாடி மேலுள்ள இரண்டு கொக்கியை மாட்ட வேண்டும். பத்து நொடி வேலை. இரண்டாவது நாளில் தோள்பட்டை ஞாபகப்படுத்தும்.

பெரிய தொல்லை மழையில் வரவில்லை, மறுநாள் காலையில் வந்தது. கிழக்குப் பிரான்சில் வோஜ் மலைப்பக்கம் ஓர் ஊரில் தங்கியிருந்தோம். ராத்திரி முழுக்கக் கொட்டியது. கூரை நன்றாக மூடியிருந்தது, சீட் காய்ந்திருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினால், முதல் வளைவிலேயே என் முதுகுக்குப் பின்னால் ‘களக்’ என்று சத்தம். பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் வருமே, அது. அடுத்த வளைவில் சீட் பெல்ட்டை இழுத்தேன், கை ஈரம்.

விஷயம் இதுதான். துணிக்கூரையில் வழிகிற தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாய்க்காலில் விழுந்து, இரு பக்கமும் உள்ள குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். நான்தான் வருஷம் முழுக்க மரத்தடியில் நிறுத்திவிட்டு, அந்தக் குழாயை ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. இலை மக்கி அடைத்துக்கொண்டது. தண்ணீர் பக்கவாட்டுத் தகட்டுக்குள் நின்றுவிட்டது. அப்படியே விட்டால் அந்தத் தகடுதான் முதலில் துருப்பிடிக்கும்.

திரும்பி வந்து, தங்கியிருந்த இடத்துத் தோட்டக்காரரிடம், புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றியிருக்கும் கெட்டி நைலான் நரம்பைக் காட்டி, ஒரு கை நீளம் வேண்டும் என்று சைகையில் கேட்டேன். வெட்டிக் கொடுத்தார். கூரையைப் பாதி மடக்கி, ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, நரம்பை முறுக்கி முறுக்கி இறக்கினேன். நாலைந்து தடவை முட்டியது. அப்புறம் ஏதோ வழிவிட்ட மாதிரி சரேலென்று இறங்கியது. கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால், காப்பி டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் ஊற்றியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் கைதட்டினார். கம்பி போடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். கிளம்புமுன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இந்தக் கூத்தே வேண்டாம்.

கே: நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், ஐரோப்பாவில் ஓட்டுவதும் வலப்பக்கம். பயமாக இல்லையா?

ப: அரை மணி நேரம் பயம். அப்புறம் பழகிவிடும், பழகிய பிறகுதான் ஆபத்து. காலையில் காலிச் சாலையில் கிளம்பும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும் கை தானாகப் பழைய பக்கம் போகும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமலிருக்க ஸ்டிக்கர் விற்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுங்கள்.

முந்துவதற்கு மனைவிதான் என் கண். ‘போங்க’ என்றால் போவேன். ‘போகலாம் போலத்தான் இருக்கு’ என்றால் போக மாட்டேன். இந்த ஒப்பந்தம் முதல் நாளே செய்துகொண்டது.

டோல் சாவடி தனிக்கதை. டிக்கெட் இயந்திரம் இடப்பக்கம், அதாவது மனைவி பக்கம். வண்டியோ தரையோடு தரை. அவர் கை எட்டவில்லை. பின்னால் ஹாரன். பெல்ட்டைக் கழற்றி, சீட்டின் மேல் ஏறி நின்று, கூரை இல்லாத இடத்தில் தேர் மேல் நிற்பது மாதிரி நிமிர்ந்து டிக்கெட்டை எடுத்தார். ஹாரன் அடித்தவர் சிரித்துவிட்டார். இந்த வைபவம் வேண்டாம் என்றால், கண்ணாடியில் ஒட்டும் மின்னணுக் கருவியை முன்பே வாங்கிவிடுங்கள். தடுப்பு தானாகத் திறக்கும்.

கே: இத்தாலி ஆல்ப்ஸிலுள்ள ஸ்டெல்வியோ கணவாயை ‘வாழ்நாளில் ஒருமுறை’ என்கிறார்கள். அவ்வளவு விசேஷமா? சின்ன எஞ்சின் ஏறுமா?

ப: ஏறும். 2,757 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ கால் பங்கு பலத்தை இழக்கும். என்னுடையதில் 145 குதிரைசக்தி, உச்சியில் 110 இருந்திருக்கும். யாருக்கு வேண்டும்? இரண்டாவது கியருக்கு மேல் போக வழியே இல்லை.

சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். சாந்தா மரியா ஊரில் உம்பிரெயில் கணவாய்ப் பக்கம் திரும்பினால் குறுக்கு வழியாக உச்சிக்குக் கிட்டே வந்துவிடலாம். ஆனால் பெயர்பெற்ற 48 கொண்டை ஊசி வளைவுகள் அந்த வழியில் இல்லை. நேரே இத்தாலிக்குள் இறங்கி, பிராட்டோ ஊரிலிருந்து ஏறுங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டிருக்கும். கீழே 48, உச்சியில் 1. 1820-25-இல் கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காகப் போட்ட பாதை, அதாவது குதிரை வண்டிக்காக. திருப்பங்களின் அளவைப் பார்த்தால் அது புரியும்.

கூரை இல்லாததால் கிடைக்கும் உண்மையான லாபம் இங்கேதான் தெரிந்தது. அது வெயிலும் காற்றும் அல்ல, பார்வை. மூடிய காரில் வளைவுக்கு வந்ததும் மேலே வருவது யார் என்று கூரை மறைத்துவிடும். நான் தலையை நிமிர்த்தினால் மேலே மூன்று வளைவு வரை தெரிந்தது. 22-இல் நிற்கும்போதே 20-இல் பஸ் திரும்புவதைப் பார்த்து, நேர்ப்பாதையில் ஒதுங்கிவிட்டேன். பார்க்காமல் போயிருந்தால் வளைவுக்குள் மூக்கோடு மூக்கு. சைக்கிள்காரர்களின் மூச்சுச் சத்தமே கேட்கிறது. இறங்கி வரும் கார்களின் பிரேக் கருகும் வாடையும் வருகிறது. கீழே 31 டிகிரி, உச்சியில் 18. ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், மிதி தரை வரை போகும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன ஆயிலோடு மலைக்குப் போகாதீர்கள். குளிர்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாருங்கள்; அதிலும் ஒரு நாள் சைக்கிள்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவார்கள், தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: கத்தியால் துணிக்கூரையைக் கிழித்துத் திருடிவிட மாட்டார்களா?

ப: உள்ளே ஏதாவது கண்ணில் பட்டால் கிழிப்பார்கள். பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் சிலர் உள்ளே ஒன்றும் வைக்காமல் கதவைப் பூட்டாமலே விடுகிறார்கள். திருடியதை விடக் கூரை மாற்றும் செலவு அதிகம் என்பது அவர்கள் வாதம். இன்ஷூரன்ஸ்காரர் இந்த வாதத்தை ஒப்புக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள்.

கே: காகிதங்கள், கட்டணங்கள்?

ப: வண்டியின் அசல் பதிவுப் புத்தகம், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வைத்திருப்பவர்கள் கூடவே அசல் லைசென்ஸையும் கொண்டுபோக வேண்டும். அது தனியாகச் செல்லாது. சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் வருட அனுமதி. ஒரு நாள் போனாலும் அதே 40 தான். 2023 முதல் வண்டி எண்ணை வைத்து இணையத்திலேயே வாங்கலாம். இத்தாலியில் பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக் கூடாது. பலகையில் இசட்டிஎல் என்று மூன்று எழுத்து இருக்கும். வழிகாட்டும் போன் சொன்னது என்று ஓர் ஊரில் நுழைந்துவிட்டோம். போலீஸ் இல்லை, விசில் இல்லை. ஐந்து மாதம் கழித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு வந்தது, காரின் நம்பர் தெளிவாகத் தெரிகிற படத்தோடு.

கே: எனக்கு 61 வயது, முதுகுவலி உண்டு. இந்த மாதிரி காரில் ஏறி இறங்க முடியுமா?

ப: ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒற்றைக் காலை வெளியே வைத்து எழ முயலாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தபடியே திரும்பி, இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் ஊன்றி, ஒரு கை கதவு ஓரத்தில், ஒரு கை சீட்டின் மேல் அழுத்தி எழுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். 50 லிட்டருக்குள் பிடிக்கும் டேங்க் என்பதால் வண்டியும் அடிக்கடி நிற்கச் சொல்லும். காதுமடலுக்கும் நெற்றிக்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். காற்றடிப்பதால் வெயில் சுடுவதே தெரியாது, ராத்திரிதான் தெரியும்.

கே: உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?

ப: அடுத்த தடவை அவர் ஓட்டுவாராம், டோல் டிக்கெட்டை நான் எடுக்க வேண்டுமாம். ஹேர் ட்ரையர் பற்றி இன்னும் பேச்சு எடுக்கவில்லை.