பைபாஸுக்கு முன் நெற்றிப்பொட்டில் ஏன் ஸ்கேன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. இதயத்தில் மூன்று குழாய்களில் அடைப்பு; பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் கழுத்துக்கும் தலைக்கும் டாப்ளர் எடுக்க வேண்டுமாம். தலைவலிகூட இல்லாதவரை இதற்காகக் கோவைக்கு அலைக்கழிக்க வேண்டுமா டாக்டர்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியம் எடுத்துவிடுங்கள் அம்மா. டாப்ளர் என்பது ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். இதயக் குழாயில் படிந்த கொழுப்பு கழுத்திலும் மூளைக்குள்ளும் சத்தமில்லாமல் படிந்திருக்கலாம். ஆசியர்களுக்கு மூளைக்கு உள்ளே ஓடும் குழாய்கள் சுருங்குவது அதிகம் என்பதால், கழுத்து டாப்ளர் மட்டும் போதாது. சுருக்கம் முன்கூட்டியே தெரிந்தால், அறுவையின்போது மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை இறங்க விடமாட்டார்.

மண்டையோடு ஒலி அலையை மறிக்கும். காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்கு மேலே, நெற்றிப்பொட்டில் மட்டும் எலும்பு மெலிந்திருக்கும். அங்கே ஜெல் தடவி, 2 மெகாஹெர்ட்ஸ் கருவியை அழுத்திச் சாய்த்துச் சாய்த்து, 45 முதல் 65 மி.மீ. ஆழத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயான நடுமூளைத் தமனியைத் தேடுவார்கள். பின்மூளைக் குழாய்களுக்குப் பிடரியில் வைப்பார்கள். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

இதில் பார்ப்பது ரத்தம் ஓடும் வேகத்தை. நடுமூளைத் தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 60 செ.மீ. அளவில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் 100-ஐத் தாண்டினால், அங்கே பாதிக்கு மேல் சுருக்கம் என்று சந்தேகிப்போம்.

இதய நோயாளிகளிடம் இந்த எண்தான் ஏமாற்றும். பம்பிங் குறைந்த இதயம் ரத்தத்தை மெதுவாகத் தள்ளுவதால், நிஜமான சுருக்கத்திலும் வேகம் 100-ஐத் தொடாமல் போகலாம். ரத்தசோகை, காய்ச்சல் இருந்தால் எல்லாக் குழாய்களிலும் வேகம் கூடும். அதனால் எக்கோ, ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்குப் பல துடிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து மேல்மூச்சு வாங்கினால் வேகம் குறைந்து காட்டும். இறங்கியதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மூச்சு சீரானபின் உள்ளே போகட்டும்.

சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, பொட்டெலும்பு தடித்து அலை உள்ளே நுழையாது. ரிப்போர்ட்டில் 'ஜன்னல் கிடைக்கவில்லை' என்றிருந்தால் 'நார்மல்' என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்து சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன்) வேண்டும். சி.டி.க்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர். அறையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குப் போன மாதம் லேசான பக்கவாதம். மூளைக் குழாயில் 75 சதவீதச் சுருக்கம் என்கிறார்கள். இதயத்துக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் வைத்துவிடலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: முதலில் மருந்துதான். இப்படிப்பட்ட நோயாளிகளிடம் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது: 30 நாளுக்குள் பக்கவாதம் அல்லது மரணம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 90 நாள் கொடுத்தார்கள். பிரஷரையும் கொழுப்பையும் கறாராகக் குறைத்தார்கள். அம்மாவுக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. மலை இறங்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.