என் ஆராய்ச்சித் தரவை வெளியிட்டால் வேறு யாராவது முந்திக்கொள்ள மாட்டார்களா?

நான்கு வருடம் சேர்த்த தரவைக் கட்டுரையோடு வெளியிடச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள்.

பயம் புரிகிறது, அதற்கு வழியும் இருக்கிறது. ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் பதிவேற்றலாம். தேதியோடு ஒரு டிஓஐ எண், அதாவது அந்தத் தரவுக்கே உரிய நிரந்தர அடையாள எண், கிடைக்கும். உங்கள் தரவை எடுத்தாள்கிறவர்கள் அதை மேற்கோள் காட்டலாம். அதிலிருந்து இன்னொரு கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால், கோப்பு திறக்கும் நாளைத் தள்ளி வைக்கலாம்.

"கேட்டால் தருகிறோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு மட்டும் நிறுத்தாதீர்கள். அப்படிப் போட்டிருந்த பழைய கட்டுரை ஒன்றின் ஆசிரியருக்கு நான் எழுதினேன். நல்ல மனிதர், தேடி எடுத்து அனுப்பினார். திறந்து சராசரி போட்டால் இலையின் நீளம் மைனஸில் வருகிறது! அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது: அளக்காத இடத்திலெல்லாம் -99 என்று போட்டு வைத்திருக்கிறார். அது அவருக்கே மறந்துபோயிருந்தது. அதனால் அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, என்ன அலகு, விடுபட்டதற்கு என்ன குறி என்று ஒரு பக்கம் எழுதிக் கோப்போடு வையுங்கள். என்னைக் கேட்டால், தரவைவிட அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும்.

சரி, தப்பு வெளியே வந்துவிட்டால்? வரட்டும். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதிய கட்டுரையில், அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்று இருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் அதை எடுத்துக் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. கேட்டதும் அவர்கள் எக்செல் கோப்பையே கொடுத்தார்கள். சராசரிச் சூத்திரம் 49ஆம் வரிசை வரை போகாமல் 44லேயே நின்றிருந்தது, ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. அதையும், விடுபட்ட ஆண்டுகளையும், சராசரி எடுத்த முறையையும் மாற்றிப் போட்டபோது 2.2 சதவீதம் வந்தது. இது வெளியானது 2013இல். கோப்பு முதல் நாளிலிருந்தே திறந்திருந்தால் மூன்று வருடம் ஆகியிருக்காது.

அப்புறம், நோயாளிகளின் தரவு என்றால் கதை வேறு. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயது, ஊர், அரிய நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் பகிர்வு பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.